கேரவன் காத்திருக்கும்... கப்பல் காத்திருக்காது!

கோடம்பாக்கத்தில் 'கேரவன்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே வேறு. வெள்ளைக்காரன் ஊரில் அது வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி. ஏரிக்கரையில் நிறுத்துவான், முட்டையைப் பொரிப்பான், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புஸ்தகம் படிப்பான். நம்ம ஊரில்? வடபழனி, சாலிகிராமம் தெருவோரங்களில் ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு 'உர்ர்ர்' என்று ஜெனரேட்டர் சத்தம் போட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான் கேரவன். உள்ளே ஹீரோ இருக்கிறாரா, இல்லை ஹீரோவின் நாய்க்குட்டி தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு வண்டியில் நாகப்பட்டினம் போய், ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்றால் எங்கே நிறுத்துவது, எங்கே தூங்குவது? இதுதான் விஷயம். சிரிக்காதீர்கள். 2025 கோடையில் நாங்கள் நாலு பேர் இதைச் செய்தோம்.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். நாகைக்கும் யாழ்ப்பாணத்துப் பக்கமுள்ள காங்கேசன்துறைக்கும் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர் கடல். கப்பல் நாலு மணி நேரத்துக்குள் அந்தக் கரைக்குப் போய்விடும். கோடம்பாக்கத்திலிருந்து சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? 2023 அக்டோபர் 14-ம் தேதி 'செரியபாணி' என்ற கப்பலோடு இந்த சர்வீஸ் துவங்கியது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற பெயரோடு ஒரு தனியார் கப்பல் வந்தது. சுமார் நூற்றைம்பது பேர் உட்காரலாம். அந்த வருஷ மழைக்கும் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடத் துவங்கியது. ஆக, டவுன் பஸ் மாதிரி நினைத்துக்கொண்டு போகக் கூடாது. மழை மாதங்களில் ஓடாது, காற்று முறைத்தால் ஓடாது. கிளம்புவதற்கு முன் விசாரித்துவிட்டுத்தான் லீவ் லெட்டர் எழுத வேண்டும்.

இன்னொன்று. இது ஆள் ஏறும் கப்பல். வண்டி ஏறாது. வண்டியோடு யாழ்ப்பாணம் போய் இறங்கலாம் என்ற கனவெல்லாம் வேண்டாம். வண்டியையும் டிரைவரையும் இந்தக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம் எதற்கு கேரவன்?

என் ஆபீஸ் நண்பனின் அப்பாவுக்காக. வயசு எழுபத்து நாலு. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் நாற்பது வருஷம் லைட்மேனாக இருந்தவர். இரண்டு முழங்காலும் ஸ்ட்ரைக். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுக்க வேண்டும். ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம். காரில் முந்நூறு கிலோமீட்டர் என்பது நடக்காத காரியம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறதே, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்று சொல்லிப் பார்த்தோம்.

"அக்கா கப்பல்ல வந்தா, கப்பல்ல போனா. நானும் கப்பல்லதான் போவேன். உங்களுக்குத் தோதுப்படலைன்னா விட்ருங்க தம்பி" என்றார்.

அக்காவுக்கு வயசு எண்பத்தொன்று. 1962-ல் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டவர். இவர்களின் அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை. 1963-ல் மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். அக்கா ஒரே ஒரு தடவை, 1982-ல், ராமேஸ்வரம் கப்பலில் வந்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமே அங்கே கலவரம், அப்புறம் யுத்தம். ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு 'போகலாம், போகலாம்' என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. தினமும் வீடியோ கால் உண்டு. ஆனால் அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. செல்போனில் தெரிகிற தம்பி முகம் அவருக்கு ஒரு வெளிச்சம் மாதிரிதான் தெரிகிறதாம்.

இதற்கு மேல் யார் விமானத்தைப் பற்றிப் பேசுவது?

வண்டி கிடைத்தது லைட்மேன் செல்வாக்கில். பழைய யூனிட் சிநேகிதர் மூலமாக, ஷூட்டிங் இல்லாத மூன்று நாளைக்கு ஒரு சின்ன கேரவன். உள்ளே ஒரு கட்டில், ஒரு பாத்ரூம், ஏ.ஸி., சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடி, அதன் முன்னால் சுழல் நாற்காலி. அப்பா உள்ளே ஏறி ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்க காலத்துல ஹீரோவுக்கு ஒரு மரம், ஹீரோயினுக்கு ஒரு குடை. அவ்வளவுதான். இந்த ரூம்ல ஒக்கார வச்சிருந்தா ஒரு படமும் முடிஞ்சிருக்காது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறினோம். (1965-ல் பாலம் வருவதற்கு முன்னால் இங்கே ரயில்வே கேட். கேட் மூடினால் நடிகர்களின் கார் நிற்கும், பார்க்க ஜனம் கூடும். இப்போது பாலத்தில் எல்லோருமே நிற்கிறோம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.) புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். இதுதான் வரிசை. நடுவில் இரண்டு தடவை புதுச்சேரி மாநில எல்லைக்குள் நுழைந்து வெளியே வருகிறோம், ஒன்று புதுச்சேரி, இன்னொன்று காரைக்கால். வாடகை வண்டி என்றால் பெர்மிட் பேப்பரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டிரைவர் அண்ணன் அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். இரட்டைப் பாதுகாப்பு!

இனி தங்கும் இடம். வழியில் ஆசை காட்டும் ஊர்கள் நிறைய. புதுச்சேரியில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பிப் போய்விடலாமே என்று தோன்றும். தோன்றட்டும். நூற்று ஐம்பது கிலோமீட்டர் இருட்டில் ஓட்டிக்கொண்டு போய், ஒரு டயர் பஞ்சரானால், கப்பல் உங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விடும். சிதம்பரமும் அப்படியே. கோயில் உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, ஆனால் நாகைக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் சொச்சம்.

தரங்கம்பாடி அழகான ஊர். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, அதற்கு முன்னால் கடல், நடுவில் வெறும் மணல். நண்பன் இறங்கியதும் "இங்கேயே நிறுத்திடலாம்டா" என்றான். கேரவன் கதவைத் திறந்தால் கடல் தெரியும், செல்போனில் போட்டோ எடுத்துப் போட்டால் ஆபீஸே பொறாமையில் வெந்துபோகும். நானும் தலையாட்டினேன்.

அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டார். "கடல் எவ்வளவு தூரம்?"

"இதோ, நூறடிதான்ப்பா."

"அப்ப வேணாம். வண்டிய எடு."

அவர் பன்னிரண்டு வயசில் இறங்கிய தனுஷ்கோடி ஸ்டேஷனைப் பற்றி அப்போதுதான் சொன்னார். கொழும்பிலிருந்து ராத்திரி ரயில், காலையில் தலைமன்னார், அங்கிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம் கப்பல், இறங்கினால் தனுஷ்கோடி. அங்கே தயாராக நிற்கும் மெட்ராஸ் ரயில். 'போட் மெயில்' என்று பெயர். எழும்பூர் - ராமேஸ்வரம் ரயிலுக்கு அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாளில் லாட்ஜும் தேட வேண்டாம், வண்டியும் நிறுத்த வேண்டாம். கப்பலுக்கு முந்தின ராத்திரியை ரயிலே பார்த்துக்கொண்டது. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு கைக்குட்டையால் சேர்த்துக் கட்டிவிடுவாராம் அக்கா. 1963-ல் கடைசிப் பயணத்தில் கட்டிவிட அக்கா இல்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அடித்த புயலில் அந்த ஸ்டேஷன், கப்பல் துறை, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜனங்கள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது.

"நான் உக்காந்து வடை தின்ன பெஞ்ச்சு தம்பி அது" என்றார்.

நாகை மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தியாவிலேயே அதிகம் அடி வாங்கிய மாவட்டம் இது. ஆறாயிரத்துக்கும் மேல் உயிர்கள். வேளாங்கண்ணியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் அதில் எத்தனையோ பேர். எனவே கடலைப் பார்த்தபடி கேரவனை நிறுத்தும் ஆசையை மூட்டை கட்டிவிட்டோம். தவிர, மணலில் சக்கரம் புதைந்தால் காலையில் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும்.

காரைக்கால் நாகைக்கு வடக்கே இருபது கிலோமீட்டர். புதுச்சேரி விலையில் 'சரக்கு' கிடைக்கும் என்பதால் வாலிப அன்பர்கள் கண் சிமிட்டும் ஊர். ஐயா, உங்களுக்குச் சொல்கிறேன். மறுநாள் காலை பாஸ்போர்ட் அதிகாரி முன்னால் நிற்கப்போகிறீர்கள், அதற்கப்புறம் நாலு மணி நேரம் ஆடும் கப்பல். ராத்திரி போட்டதைக் கடல் திருப்பிக் கேட்கும். பாட்டிலோடு எல்லை தாண்டினால் செக்போஸ்டில் வேறு தனியாகக் கேட்பார்கள்.

நாகூர், நாகையிலிருந்து கூப்பிடு தூரம். தர்கா, ஐந்து மினாராக்கள், ராத்திரியிலும் திறந்திருக்கும் கடைகள், சூடான புரோட்டா... தனியாகப் பையோடு வருகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கள் வண்டியின் தலையில் மின்சாரக் கம்பி உரசப் பார்த்தது. டிரைவர் அண்ணன் நெற்றியில் வேர்வை. ரிவர்ஸ்.

நாகப்பட்டினம் டவுனில் லாட்ஜுகள் இருக்கின்றன. துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் ரூம் போடுகிறவர்களுக்கு இதுதான் சரி, ஆட்டோவில் பத்து நிமிஷம். பழைய ஊர். ராஜராஜ சோழன் காலத்தில் கடல் கடந்து ஸ்ரீவிஜய மன்னன் இங்கே புத்த விஹாரம் எழுப்பினான். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரைக்கே தலைநகராக வைத்திருந்தார்கள். 'ரஜூலா' கப்பல் இங்கே நின்று பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. இத்தனை பெருமை உள்ள ஊரில் ஒரு கேரவன் நிறுத்த இடம் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டோம். "ராத்திரி டேங்கர் வரும் சார்" என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் வேளாங்கண்ணி. நாகைக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரிய வண்டியோடு வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணம் எளிது. பஸ்ஸிலும் வேனிலும் வந்து, வண்டியிலேயே தூங்கி, குழாயடியில் பல் தேய்த்து, கோயிலுக்குப் போகும் ஜனங்களுக்குப் பழக்கப்பட்ட ஊர் இது. பார்க்கிங் மைதானம் உண்டு, காசு வாங்கிக்கொண்டு சீட்டு தருவார்கள், குளிக்க, மற்றதற்கு எல்லாம் கட்டண அறைகள் உண்டு, விடியற்காலை மூன்று மணிக்கும் டீ கிடைக்கும். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மட்டும் திருவிழா. அப்போது கேரவன் என்ன, ஒரு ஜோடி செருப்புக்குக் கூட இடம் கிடைக்காது.

மைதானத்தின் உள்பக்கமாக, கடலுக்கு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தினோம். ஜெனரேட்டரைப் போட்டதுதான் தாமதம். ஒரு டீக்கடைப் பையன் வந்தான்.

"அண்ணே, உள்ள யாருண்ணே?"

டிரைவர் அண்ணனுக்கு முப்பது வருஷ சினிமா அனுபவம். குரலைத் தாழ்த்தி, "பேர் சொல்லக் கூடாது தம்பி. வேண்டுதல்" என்றார்.

போச்சு! கால் மணி நேரத்தில் முப்பது பேர். சேலத்திலிருந்து வந்த ஒரு மகளிர் குழு, மொட்டை போட்ட ரெண்டு குழந்தைகள், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு காலேஜ் கூட்டம். ஆளுக்கு ஒரு நடிகர் பெயர். கறுப்புக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்து உள்ளே பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு அப்பா.

ஒரு நிமிஷம் கப்சிப். "கெட்டப் சேஞ்சா இருக்கும்டா" என்றது ஒரு குரல். ஒரு அம்மாள் முன்னால் வந்து, "ஐயா, உங்களை ஏதோ படத்துல பாத்திருக்கேன்" என்றார்.

"பாத்திருக்க மாட்டீங்க தாயி. படத்துல தெரிஞ்சவங்க மூஞ்சிக்கு நான் லைட் அடிச்சேன்" என்றார் அப்பா. கூட்டம் கலைந்தது. அந்த அம்மாள் மட்டும் போகாமல், எந்தப் படம், யாருக்கு என்று கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் நின்றார். கடைசியில் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொடுத்ததும் அவர்தான்.

ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். பக்கத்து வேன்காரர்களும் தூங்க வேண்டும். பாத்ரூம் தொட்டியை மைதானத்திலோ கடற்கரையிலோ திறந்துவிடும் காரியம் வேண்டவே வேண்டாம். டிரைவருக்கு நைட் பேட்டாவை ராத்திரியே கொடுத்து, மூன்று மணிக்கு எழுப்பும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். பேட்டா வாங்கிய டிரைவர்தான் உலகத்திலேயே நம்பகமான அலாரம்!

நாங்கள் தூங்கினோம் என்று சொல்ல முடியாது. பதினொரு மணிக்குக் காற்று கிளம்பியது. வண்டியின் தகரக் கூரை படபடத்தது. கப்பல் ரத்தாகிவிட்டதாகத் தகவல் ஏதாவது வருகிறதா என்று நண்பன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை செல்போனைப் பார்த்தான். அப்பா மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து, பல்புகளைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட், டிக்கெட், இலங்கை நுழைவு அனுமதித் தாள் மூன்றையும் எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். பதினோரு தடவை எண்ணினேன்.

"மண்டபம் கேம்ப்பு தெரியுமா தம்பி?" என்றார் திடீரென்று. தெரியும், ரயில்வே ஸ்டேஷன் பெயர்தானே என்றேன்.

"தேயிலைத் தோட்டத்துக்குப் போற ஜனங்களை அங்கதான் நிறுத்தி வைப்பாங்க. நாள் கணக்குல. டாக்டர் பாத்து, அம்மை குத்தி, நோவு இல்லைன்னு தெரிஞ்சாத்தான் கப்பல். எங்கப்பா சொல்வார். அவங்களுக்கு ஒரு ராத்திரி இல்ல, ஒவ்வொரு ராத்திரியும் இப்படித்தான் இருந்திருக்கும்." பிறகு யுத்த காலத்தில் அங்கிருந்து ஓடி வந்த அகதிகளை வைத்ததும் அதே மண்டபத்தில்தான். அதை அவர் சொல்லவில்லை. பல்பை அணைத்தார்.

ஒரு மணிக்குக் காற்று அடங்கியது.

மூன்று மணிக்கு டிரைவர் அண்ணன் கதவைத் தட்டினார். இரண்டிரண்டு இட்லி, சட்னி கிடையாது, சர்க்கரை மட்டும். கடலில் வயிற்றைப் புரட்டுமோ என்ற பயத்தில் அப்பா போட்ட உத்தரவு. ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருட்டில் வேளாங்கண்ணியிலிருந்து நாகை துறைமுகத்துக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே கேட்டில் நின்றோம். எங்களுக்கும் முன்னால் ஒரு வரிசை இருந்தது. மூட்டைகளோடு யாழ்ப்பாணத்து வியாபாரிகள் சிலர், புதுக் கல்யாண ஜோடி ஒன்று, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி.

லக்கேஜ் எடைக்கு வரம்பு உண்டு. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். அப்பா பையில் அக்காவுக்கு ஒரு கைத்தறிச் சேலை, இரண்டு கிலோ மிளகாய்த் தூள், ஒரு பழைய போட்டோ ஆல்பம். எடைக் கருவி முள்ளைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டது. சோதனை வாசலுக்குள் போகுமுன் நண்பன் அவர் கையைப் பிடித்தான். இவர் அவன் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "சும்மா இருங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் இவன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கப்பல் கிளம்பியது. நானும் டிரைவர் அண்ணனும் காலி கேரவனோடு திரும்பினோம். நாகூர் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் 'உள்ள யாரு' என்று கேட்டார்கள்.

மத்தியானம் சீர்காழி பைபாஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நண்பன்தான். அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். தம்பி முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாராம். ரெண்டு இட்லி என்றதும் என் நண்பனுக்கு விழுந்ததாம் பாருங்கள் திட்டு...

அடுத்த சனிக்கிழமை அவர்கள் திரும்பி வரும் நாளில் வண்டிக்கு ஷூட்டிங். "ஹீரோவை எறக்கிவிட்டுட்டு வர முடியாது சார்" என்று சொல்லிவிட்டார் டிரைவர் அண்ணன். நாகையில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னையில் இறக்கிவிடும் காரைக்கால் எக்ஸ்பிரஸ்ஸில் லோயர் பெர்த்தாகப் பார்த்து, பாத்ரூமுக்குப் பக்கத்தில், ரெண்டு டிக்கெட் போட்டாயிற்று.